எல்லா மருந்தும் செல்லைக் கொல்வதில்லை

ஆசிரியருக்கு,

தங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியான புற்றுநோய்க் கட்டுரை, எல்லா மருந்துகளையும் ‘புற்றுச் செல்களைக் கொல்பவை’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. இது சரியன்று. புற்றுச் செல் தான் சுரக்கும் புரதங்களால் அக்கம்பக்கத்துச் செல்களையும் தன் வேலைக்கு இழுத்துக்கொள்கிறது. விஇஜிஎஃப் என்னும் புரதம் அருகிலுள்ள ரத்தக் குழாய்களைக் கிளைவிடச் செய்து, கட்டிக்கு ஆக்சிஜனும் ஊட்டமும் வரவழைக்கிறது. டிஜிஎஃப்-பீட்டா என்னும் மற்றொரு புரதமோ நோய் எதிர்ப்புச் செல்களை அடக்கி வைக்கிறது. புதிய ரத்தக் குழாய்களைத் தடுத்தால் கட்டியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். அன்று நம்பியவர்கள் குறைவு. புற்றுச் செல்லை நேரடியாகக் கொல்லாமல் விஇஜிஎஃப்பை முடக்கும் பெவாசிசுமாப் என்னும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2004இல்தான்.

இது வெறும் ஏட்டு நுணுக்கம் அன்று. பெருங்குடல் புற்றுக்காக என் அக்காவுக்கு இம்மருந்தைச் செலுத்தியபோது ரத்த அழுத்தம் ஏறியது. புதிதாக வேறொரு நோய் வந்துவிட்டதென வீடே கலங்கியது. விஇஜிஎஃப் இயல்பான ரத்தக் குழாய்களுக்கும் தேவை, அதை முடக்கினால் ரத்த அழுத்தம் ஏறலாம் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இத்தகைய மருந்து எதைத் தடுக்கிறது, ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் ஏன் பார்க்க வேண்டும் என்று விளக்கும் தமிழ்த் துண்டறிக்கையை, முதல் ஊசிக்கு முன்பே மருத்துவமனைகள் நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும்.

— ஒரு வாசகி, திருச்சி