24 மணி நேரத்தில் கைது; பிறகு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொலை நடந்த மறுநாளே ‘தனிப்படை அதிரடி, 24 மணி நேரத்தில் கைது’ என்று செய்தி வருகிறது. கைதானவர் போலீஸாரிடம் சொன்னதாக ஒரு பரபரப்பு வாக்குமூலமும் கூடவே வருகிறது. போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. அதை வைத்துக் கண்டெடுத்த பொருளோடு நேரடித் தொடர்புள்ள பகுதியை மட்டுமே பாரதிய சாட்சிய சட்டத்தின் 23-வது பிரிவு ஏற்கிறது. அனுபவம் குறைந்த இன்ஸ்பெக்டருக்கோ, அந்த வாக்குமூலம் கையில் கிடைத்ததும் விசாரணையே முடிந்துவிட்ட நிம்மதி. ‘பங்காளிதான் செய்தான்’ என்று முடிவு கட்டிவிட்டு, அதற்கு ஒத்துவருவதை மட்டும் சேகரிக்கிறார்.

நொய்டாவில் 2008-ல் நடந்த ஆருஷி கொலையில் வீட்டுப் பணியாளரைக் கொலையாளி என்று தேடினார்கள். அவருடைய உடல் மறுநாள் அதே வீட்டின் மொட்டை மாடியில் கிடந்தது. மாடிக் கதவு பூட்டியிருந்தது. முதல் நாளே அதைத் திறந்து பார்க்கவில்லை.

இறந்த நேரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கை மணியைச் சொல்லாது, ஓர் இடைவெளியைத்தான் சொல்லும். நம் கடலோர வெக்கையில் உடல் விறைப்பு சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் தளரும். குளிர்நாட்டுப் புத்தகக் கணக்கு இங்கே உதவாது. சவக்கிடங்கின் குளிர்பெட்டிக்குள் போன உடலில் அந்தக் கணக்கும் கலைந்துவிடும். ஆகவே உடலை எடுப்பதற்கு முன்பே, விறைப்பு எந்த அங்கம் வரை வந்திருக்கிறது, ரத்தம் எந்தப் பக்கம் தேங்கியிருக்கிறது, ஈ முட்டையோ புழுவோ உண்டா என்பதை, உடல் கிடக்கும் இடத்தில் போலீஸார் எழுதும் பிரேத விசாரணை அறிக்கையில் எழுதிவிட வேண்டும். ரத்தத் தேக்கம் முதுகில் இருக்க, உடல் குப்புறக் கிடந்தால் பல மணி நேரம் கழித்து யாரோ புரட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த ஒரு வரி இல்லாததால் நிரபராதி உள்ளே இருப்பதும் உண்டு, கொலையாளி வெளியே வருவதும் உண்டு.

அடுத்தது கேமரா. பதிவு சேரும் வட்டின் (ஹார்ட் டிஸ்க்) கொள்ளளவைப் பொறுத்து 7 முதல் 30 நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். கடைக்குப் போனதும் முதல் வேலையாக, டிவிஆர் என்னும் கேமராப் பதிவுக் கருவியின் திரையில் ஓடும் நேரத்தையும் சரியான நேரத்தையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும். டிவிஆர் கடிகாரம் 20 நிமிடம் தவறாக ஓடினால், சம்பவ இடத்தில் இல்லாதவரும் இருந்தவராகிவிடுவார். நகல் மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும், மின்னணுப் பதிவுக்குச் சாட்சிய சட்டம் கேட்கும் 63-வது பிரிவுச் சான்றிதழும் இல்லாத பென் டிரைவ் நகலை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் தள்ளிவிடுவார்.

கடலூருக்கு இதில் தனித் தலைவலி ஒன்று உண்டு. ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டினால் முள்ளோடை, புதுச்சேரி போலீஸ். தென்பெண்ணைக் கரையில் உடல் கிடந்தால் எல்லை யாருடையது என்று பேசி முடிப்பதற்குள் மதுக்கடைக் கேமராப் பதிவு அழிந்துவிடும். எந்த நிலையமும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று 2024 ஜூலை முதல் சட்டமே சொல்கிறது. செல்போன் டவரும் இப்படித்தான். எந்த டவர் வழியாகப் பேசினார் என்று தெரியுமே தவிர, எங்கே நின்றார் என்று தெரியாது. கடலூரில் நிற்பவரின் போன் புதுச்சேரி டவரைப் பிடிக்கக் கூடும்.

ரத்தத் துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ போய்விடும். இறந்தவர் சட்டையும் சந்தேக நபர் சட்டையும் ஒரே பையில் போனால் பரிசோதனையே வீண்.

இன்ஸ்பெக்டரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வடலூர் தைப்பூசப் பாதுகாப்பும் கொலை விசாரணையும் ஒரே ஆள் தலையில். சட்டம் ஒழுங்கையும் புலனாய்வையும் பிரிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் உத்தரவிட்டது 2006-ல். (விருத்தாசலம் அருகே நடந்த கண்ணகி–முருகேசன் கொலை வழக்கு வேறு ரகம்; 2021-ல் கடலூர் நீதிமன்றம் தண்டித்த 13 பேரில் 2 பேர் போலீஸ் அதிகாரிகள். அதை அனுபவக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.)

விடுதலையில் முடிந்த ஒவ்வொரு வழக்கையும் ஆராயக் குழு வேண்டும் என்று 2014-ல் கிஷன்பாய் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது எல்லாம் முடிந்த பிறகு நடப்பது. வழக்கில் தொடர்பில்லாத ஒரு டிஎஸ்பி, விசாரணை அதிகாரி எழுதும் வழக்கு நாட்குறிப்பைப் படித்து, அவரிடம் ‘வேறு யாரைச் சந்தேகித்தீர்கள், எதை வைத்து விலக்கினீர்கள்?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். குற்றப்பத்திரிகைக்கான 90 நாள் கெடு நெருங்கும்போது கேட்டுப் பயனில்லை. கேமராப் பதிவு மிஞ்சியிருக்கும் 7-ம் நாளுக்குள் கேட்க வேண்டும்.

– குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர், மஞ்சக்குப்பம், கடலூர்