வால் மோட்டாரும் கிடையாது, உத்தரவாதமும் கிடையாது: பயிற்சி ஹெலிகாப்டர் வாங்கியவரின் புகார் கடிதம்

கோயம்புத்தூர்,
செப்டம்பர் 9, 2025.

அனுப்புநர்:
மோட்டார் ரீவைண்டிங் பட்டறை ஊழியர்,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
ரிமோட் மாடல்கள் விற்பனைப் பிரிவு.

பொருள்: 4 சேனல் ரிமோட் ஹெலிகாப்டரின் வால் மோட்டார் பழுது, உத்தரவாதம் மறுக்கப்பட்டது, விளம்பரத்தில் சொன்ன உதிரி பாகங்கள் கிடைக்காதது தொடர்பாக.

ஐயா,

உங்கள் இணையதளத்தில் ஜூன் கடைசியில் 2,899 ரூபாய் கொடுத்து ஒற்றை ரோட்டர் (மேலே சுழலும் இறக்கைத் தொகுதி), 4 சேனல் (நான்கு வகை அசைவை ரிமோட்டில் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும்) ஹெலிகாப்டர் ஒன்று வாங்கினேன். மோட்டாருக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கும் ஆறு மாத உத்தரவாதம் என்று பொருள் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். ஆகஸ்டில் வால் மோட்டார் செயலிழந்தது. உத்தரவாதத்தில் மாற்றித் தரக் கேட்டேன். கீழே விழுந்ததால் வந்த சேதம் என்று மறுத்தீர்கள். காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன், மோட்டாரை மட்டும் அனுப்புங்கள் என்றேன். கையிருப்பு இல்லை, இனி வராது என்று பதில் வந்தது. அதோடு நிற்காமல், 15 சதவீதத் தள்ளுபடியில் 450 அளவு எனப்படும் பெரிய, 6 சேனல் ஹெலிகாப்டரை வாங்கிக்கொள்ளச் சொல்லி உங்கள் சேவைப் பிரிவினர் ஒரு இணைப்பும் அனுப்பினார்கள். வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலில் இதற்கு மேல் நியாயம் கிடைக்காது என்று தெரிந்ததால் உங்களுக்குப் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். பில், பொருள் பக்கத்தின் படம், மின்னஞ்சல்களின் நகல், ஹெலிகாப்டரின் புகைப்படங்கள் எல்லாம் உடன் இருக்கின்றன.

முதலில், இதை ஏன் உங்களிடம் வாங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் புகாரின் வேரே அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு 3 சேனல் இன்ஃப்ராரெட் ஹெலிகாப்டர் இருக்கிறது. மேலும் கீழுமாக இரண்டு ரோட்டர், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும் வகை. ரிமோட்டின் கட்டுப்பாட்டுக் குச்சியிலிருந்து கையை எடுத்தாலும் தானே சமாளித்து நிற்கும். ஏற்றி இறக்கலாம், திருப்பலாம், முன்னும் பின்னும் விடலாம். பக்கவாட்டில் சாய்க்க முடியாது. அதை வைத்து எவ்வளவு காலம் பறக்கவிட்டாலும் உண்மையான ஹெலிகாப்டர் கைக்கு வராது. அதற்கு ஒற்றை ரோட்டரும், பக்கவாட்டில் சாய்க்கிற நான்காவது சேனலும் வேண்டும். குவாட்காப்டர் வாங்கலாமே என்று பட்டறையில் கேட்டார்கள். நான்கு மோட்டார்களையும் போர்டே பார்த்துக்கொள்கிற எந்திரத்தில் என் கைக்கு என்ன வேலை? எனக்குக் கற்றுக்கொள்வதுதான் வேண்டியிருந்தது.

அதற்கு நான் ஒதுக்கியது மொத்தம் 5,000 ரூபாய். எந்திரத்துக்கு மூவாயிரம் போனால் மீதி உதிரி பாகங்களுக்கு. ஹெலிகாப்டர் பழகுகிற எவரும் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். வால் நம்மைப் பார்த்து நிற்கும்வரை இடது இடதுதான், வலது வலதுதான். மூக்கு நம் பக்கம் திரும்பிவிட்டால் இரண்டும் மாறிவிடும். மூளை இதை உடனே ஒப்புக்கொண்டாலும் விரல் ஒப்புக்கொள்ள நாளாகும். அதுவரை பாடம் தரையில்தான் முடியும். தரையை ஒட்டிப் பறக்கவிட்டால் பத்திரம் என்று நினைப்பதும் தப்பு. ரோட்டரின் விட்டத்தளவு உயரத்துக்குள், கீழே தள்ளிய காற்றே தரையில் பட்டுத் திரும்பி எந்திரத்தை அலைக்கழிக்கும். இடுப்பு உயரத்துக்கு ஏற்றினால்தான் அமைதியாக நிற்கும். அங்கிருந்து விழுந்தால் முதலில் இறக்கை போகும், அடுத்து ஃப்ளைபார் என்கிற, ரோட்டரை நிலைப்படுத்தும் கம்பியின் இணைப்புகள், பிறகு தண்டு வளையும், பல்சக்கரத்தில் பல் தேயும். இவற்றில் எதுவுமே விபத்துக் கணக்கில் வராது. பாடத்தின் செலவு இதுதான்.

உங்கள் பொருள் பக்கத்தை எழுதியவருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. "புதிதாகக் கற்பவர்களுக்கென்றே உருவாக்கப்பட்டது", "அனைத்து உதிரி பாகங்களும் எங்களிடம் எப்போதும் கிடைக்கும்" என்று இரண்டு வரிகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அந்த இரண்டாவது வரியை நம்பித்தான் காசு கட்டினேன். இதே வகை எந்திரம் வேறொரு இடத்தில் நானூறு ரூபாய் குறைவாகவே கிடைத்தது. அங்கே உதிரி பாகம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாததால் விட்டுவிட்டேன்.

இப்போது உங்கள் பக்கத்தில் முதன்மை இறக்கை, ஃப்ளைபார், வால் மோட்டார், பல்சக்கரம் என்று எதைத் தேடினாலும் கையிருப்பில் இல்லை என்றே வருகிறது. ஹெலிகாப்டர் மட்டும் இன்றும் விற்பனைக்கு இருக்கிறது, அதே இரண்டு வரிகளோடு. தையல் மிஷினை விற்றுவிட்டு ஊசி எங்களிடம் கிடையாது என்று சொல்கிற கடைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தொழிலே மோட்டார் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தெரிந்த அறிகுறி, மூக்கு இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனது. இந்த ஹெலிகாப்டரின் முதன்மை ரோட்டர், மேலிருந்து பார்த்தால், கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. அதன் எதிர்விசை உடம்பை இடப்பக்கம் திருப்பப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவதுதான் வால் மோட்டாரின் வேலை. திசை விலகலைச் சரிசெய்ய ரிமோட்டில் இருக்கும் டிரிம்மை வலப்பக்கம் முழுவதும் தள்ளியும் மூக்கு நிற்கவில்லை. 4.2 வோல்ட் வரை சார்ஜ் ஏற்றிய பேட்டரி. நீங்கள் கொடுத்த இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று. முதன்மை மோட்டாரின் இழுவையில் குறைவில்லை. கடைசியில் வால் விசிறி சுற்றாமலே நின்றுவிட்டது. விரலால் தட்டிவிட்டால் சில சமயம் சுற்றும்.

மோட்டாரின் இணைப்பியைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். வால் விசிறியை விரலால் மெல்லத் திருப்பும்போது, சில நிலைகளில் சில ஓம் காட்டுகிறது. சில நிலைகளில் தொடர்பே இல்லை. நல்ல மோட்டார் என்றால் எந்த நிலையில் நிறுத்தினாலும் ஓம் காட்ட வேண்டும். சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கிற பிரஷ் தேய்ந்துவிட்டது, அல்லது அது உரசுகிற கம்யூட்டேட்டரில் ஒரு துண்டு கருகிவிட்டது, அல்லது உள்ளே ஒரு கம்பிச் சுற்று அறுந்துவிட்டது. கீழே விழுந்தால் வால் குழாய் விரியும், வால் விசிறி உடையும், மோட்டார் தண்டு கோணும். என்னுடையதில் குழாயில் கீறல் இல்லை, விசிறி உடையவில்லை, தண்டு தள்ளாட்டமில்லாமல் சுற்றுகிறது. புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். விழுந்த சேதம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று எழுத்தில் கேட்டும் பதில் இல்லை.

இந்த வகைச் சிறு ஹெலிகாப்டர்களில் முதலில் உயிரை விடுவது வால் மோட்டார்தான் என்பது எனக்கும் தெரியும். சின்ன பிரஷ் மோட்டார், ஓய்வில்லாத வேலை. எனவே இது தேய்மானப் பொருள், உத்தரவாதத்தில் வராது என்று நீங்கள் சொல்லியிருந்தால்கூட நான் சண்டைக்கு வந்திருக்க மாட்டேன். ஆனால் தேய்மானப் பொருள் என்றால் அது விற்பனைக்குக் கிடைக்க வேண்டும். பழுது என்றால் உத்தரவாதத்தில் மாற்றித் தர வேண்டும். நீங்கள் இரண்டையும் மறுக்கிறீர்கள். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தாயிற்று. குவாட்காப்டருக்கான 7 மி.மீ., 8.5 மி.மீ. மோட்டார்கள் இருக்கின்றன, இந்த வால் குழாயின் முனைக்கு அவை பொருந்தாது.

உங்கள் சேவைப் பிரிவு சொன்ன இன்னொரு காரணம், புகைப்படத்தில் தெரியும் "அனுமதியில்லாத மாற்றம்". அது வேறொன்றுமில்லை, விளக்குமாற்றுக் குச்சி இரண்டைக் குறுக்காகக் கட்டி, நான்கு முனையிலும் தெர்மகோல் உருண்டை செருகியது. ஹெலிகாப்டர் பழகுகிறவர்கள் உலகம் முழுக்கக் காலில் மாட்டுகிற பயிற்சிக் கால் அது. இறங்கும்போது கவிழாமல் இருப்பதற்காகத்தான். கடையில் கார்பன் குச்சியில் செய்து விற்கிறார்கள், நான் விளக்குமாற்றில் செய்தேன், அவ்வளவுதான். ரப்பர் பேண்டால் மாட்டியது, கழற்றினால் ஒரு தடயமும் இருக்காது. இதைப் போடக்கூடாது என்று உங்கள் கையேட்டில் எங்கும் இல்லை. இந்தக் குச்சிகளின் எடைகூடத் தாங்காத வால் மோட்டார் என்றால், அதைக் கற்பவர்களுக்கென்று விற்றதே தவறு.

கையேடு என்றதும் நினைவுக்கு வருகிறது. பொருள் பக்கத்தில் ஹெலிகாப்டர் கடற்கரையில் பறப்பதுபோல் படம் போட்டிருக்கிறீர்கள். பெட்டியில் உள்ளரங்கில் மட்டும் பறக்கவிடவும் என்று அச்சிட்டிருக்கிறது. 50 கிராம்கூட எடையில்லாத பொருள் இது. எங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு மொட்டைமாடிக் கொடியில் துணி நிற்காது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். உங்கள் ஹெலிகாப்டர் கடற்கரையில் நின்று பறக்குமாம்! நான் உறவினரின் குடோனில் சாக்குகளை ஓரம் ஒதுக்கித்தான் பழகினேன். அதேபோல், பொருள் பக்கம் 8 வயது முதல் என்கிறது, பெட்டி 14 வயதுக்கு மேல் என்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மை என்றால், 2021 ஜனவரி முதல் நடப்பிலுள்ள பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். பெட்டியின் ஆறு பக்கத்திலும் தேடினேன், காணோம். எது உண்மையான வயது என்பதை நீங்களே முடிவு செய்து இரண்டு இடத்திலும் ஒன்றாகப் போடுங்கள்.

என்னை உண்மையில் எழுத வைத்தது அந்த 450 அளவு ஹெலிகாப்டருக்கான சிபாரிசு. "இதைவிட நல்ல அனுபவம் கிடைக்கும்" என்று எழுதியிருந்தார்கள். அந்த வகையில் ஒவ்வொரு இறக்கையும் 325 மி.மீ. நீளம். 3 செல் பேட்டரி, நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல். இறக்கையின் கோணமே ரிமோட்டில் மாறுகிற அமைப்பு. குச்சியைக் கீழே இழுத்தால் தரையை நோக்கி வேகமாக இறங்கும், சில அமைப்புகளில் தலைகீழாகவும் பறக்கும். என்னிடம் இருப்பது விரலில் பட்டால் சுள்ளென்று இருக்கும். அது பட்டால் விரலே இருக்காது. 2013-இல் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், பழக்கமுள்ள 19 வயது இளைஞர் ஒருவரே தன் பெரிய ரிமோட் ஹெலிகாப்டரின் இறக்கை தாக்கி இறந்தார். சின்ன எந்திரத்தில் மூக்கைத் தன் பக்கம் திருப்பி நிறுத்தக்கூடப் பழகி முடிக்காத ஒருவனுக்கு, உதிரி பாகம் தீர்ந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அதை வாங்கச் சொல்வது வியாபாரம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதன் விலை என் மொத்த ஒதுக்கீட்டைப்போல் பல மடங்கு என்பது தனி விஷயம். என் இடத்தில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் இருந்து, அவன் அப்பா தள்ளுபடியைப் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தால்?

எனவே நான் கேட்பது இது. இந்த மாடலுக்கான வால் மோட்டாரை உத்தரவாதத்தில் மாற்றித் தாருங்கள். கூடவே இறக்கையும் பல்சக்கரமும் ஃப்ளைபாரும் உங்கள் பழைய விலைப்பட்டியலில் போட்டிருந்த விலைக்கே கிடைக்கச் செய்யுங்கள். அது முடியாது என்றால் ஹெலிகாப்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு 2,899 ரூபாயையும், நான் வாங்கிய கூடுதல் பேட்டரிக்கான தொகையையும் திருப்பித் தாருங்கள். கூப்பன், கடை வரவு எதுவும் வேண்டாம். எனக்கு என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், உதிரி பாகம் எப்போதும் கிடைக்கும் என்ற வரியை இந்த மாடலின் பக்கத்திலிருந்து உடனே எடுங்கள், கற்பவர்களுக்கு 450 அளவைச் சிபாரிசு செய்ய வேண்டாம் என்று சேவைப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடுவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. 2,899 ரூபாய்க்காக யார் அலையப்போகிறார்கள் என்று நினைத்திருந்தால், ஆணையம் எங்கள் பட்டறையிலிருந்து ஒரே பேருந்தில் போகிற தூரம்தான் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மோட்டாரை நான் பிரிக்கவில்லை. பிரிக்க எனக்குத் தெரியும். பிரித்தால் அதையும் ஒரு காரணமாகச் சொல்வீர்கள் என்பதால் அப்படியே வைத்திருக்கிறேன். பரிசோதிக்க வேண்டுமானால் கூரியர் ஆளை உங்கள் செலவில் அனுப்புங்கள். ஞாயிறு தவிர எந்த நாளும் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை பட்டறையில் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.