சந்து முனைத் தோட்டத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள சந்துக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் தோட்டத்தில் இந்த வருஷத்து முதல் அவரைக்காயைப் பறித்தோம். மொத்தம் 38 காய். 17 வீடுகளுக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்து, மீந்த நான்கை விதை தந்த பாட்டியின் முந்தானையில் போட்டோம். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு, தோட்டம் நம்ம ஆட்களுக்கானது இல்லை என்ற எண்ணம் வெகுநாள் இருந்தது. அடையாறு பக்கம் வேலைக்குப் போகும்போது மதிலைத் தாண்டி எட்டிப் பார்க்கும் காகிதப்பூவைப் பஸ்ஸில் இருந்து பார்ப்பதோடு சரி. பெயரில் மட்டும் நமக்குக் குறைவில்லை. கொண்டித்தோப்பு இருக்கிறது, தோட்டம் என்று முடிகிற சந்துகளும் இருக்கின்றன. உள்ளே போனால் பத்துக்குப் பத்து வீடுகள்தான்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் அப்பா. 1949 செப்டம்பர் 18 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்ததே, அன்று தாத்தாவும் நனைந்தபடி நின்றாராம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் அவர். "ஊட்ல நாலு பேரு வந்தா உக்கார எடம் கிடையாது. பார்க்குதான் அவருக்குக் கூடம்" என்பார் அப்பா. எந்தக் கட்சியோ இருக்கட்டும், எனக்கு அந்தக் கூடம் என்ற சொல்தான் மனதில் தங்கியது. வீட்டில் இடமில்லாதவர்களுக்குத் தோட்டம் அழகுக்கு வைப்பதில்லை. உட்கார, பேச, நாலு பேரைப் பார்க்க அதுதான் திண்ணை. சென்ட்ரல் பக்கத்தில் ஒருகாலத்தில் நூறு ஏக்கருக்கு மேல் இருந்த பீப்பிள்ஸ் பார்க், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துச் சுருங்கிப்போனது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சரி, நம் கதைக்கு வருகிறேன். குப்பை மேடாகக் கிடந்த சந்து முனையை 2023 ஆடியில் சுத்தம் செய்தோம். காசிமேட்டு அண்ணன் மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டிகளை 40 கொண்டுவந்து இறக்கினார். காசு வாங்கவில்லை. மூன்று நாள் தண்ணீர் ஊற்றி உப்பை இறக்கி, கம்பியைச் சுட்டு அடியில் ஓட்டை போட்டு, தேங்காய் நார்க்கழிவும் மண்ணும் நிரப்பினோம். மீன் கழிவும் வெல்லமும் சம அளவு போட்டு ஊறவைத்து, செடிக்கு உரமாக ஊற்றும் மீன் அமிலம் செய்யச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அந்த வாடைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டாரே தவிர, மாடி வீட்டு அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது. அம்மா, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

காய்ந்த இலையைத் தனியாகப் பிரித்து மூட்டை கட்டித் தந்த தூய்மைப் பணியாளர் அக்காவுக்கும் நன்றி. சாணிக்கும் இலைக்கும் நடுவில் மண் தூவ வேண்டும் என்று அவர் சொல்லாவிட்டால் எங்கள் உரத்தொட்டி நாறியே போயிருக்கும். கோடையில் மோட்டார் போட்டுத் தண்ணீர் விட்ட டைலர் கடை பாய்க்கும், அரிசி கழுவின தண்ணீரைக் கொட்டாமல் தினமும் குடத்தில் கொண்டுவந்த எல்லா வீட்டுக்காரர்களுக்கும் நன்றி.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தண்ணீர் ஏற ஏற, ஒன்பதாவது படிக்கிற பையன்கள் ஆறு பேர் இடுப்பளவு தண்ணீரில் பெட்டிகளைத் தலையில் வைத்து மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். 11 பெட்டிதான் தப்பியது. மீதியெல்லாம் தெரு முனை வரை மிதந்து போயிற்று. இன்றைய அவரை, அந்த 11 பெட்டியில் பிழைத்த கொடியின் விதை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். குழாயடிச் சண்டையில் ஆறு வருஷமாகப் பேசாத இரண்டு வீடுகள் நம் சந்தில் உண்டு. பாட்டி வேண்டுமென்றே முல்லைக்கொடிக்கான கயிற்றை அந்த இரண்டு வீட்டுச் சுவருக்கும் இழுத்துக் கட்டினார். ஒருநாள் சாயங்காலம் பார்த்தேன். ஒருத்தர் எக்கிக் கொடியை வளைத்துப் பிடிக்க, இன்னொருத்தர் மொட்டைப் பறித்தார். பேச்சில்லை. அரும்பை மட்டும் உள்ளங்கையில் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நாலைந்து நாள் கழித்து, "ஒரு கை கறிவேப்பிலை இருக்கா?" என்ற குரல் கேட்டது. பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திருவொற்றியூர்க் கோயிலில் பூத்தொடுத்த சங்கிலியார் கதையையும், சுந்தரர் மகிழ மரத்தடியில் செய்த சத்தியத்தையும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே சரத்தைத் தொடுத்துக்கொண்டிருந்தார். பாட்டி, உங்களுக்கு நன்றி என்ற சொல் போதாது.

அப்புறம், முருங்கை நன்றாகத் தழைத்திருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கீரை ஒடிக்கிறோம். பை எடுத்துக்கொண்டு எல்லோரும் வந்துவிடுங்கள். பையன்களுக்குப் பரீட்சை, அவர்கள் பங்கை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
மூன்றாம் நம்பர் வீட்டு மகள்