வீமனின் எடை

ஸ்காபரோ
ஜனவரி 18, ஞாயிறு

அன்பின் தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்துக்கு முருகன் துணை. போன் எடுத்தால் நீ எடுக்கிறாய் இல்லை, வேலை கூட என்று நினைத்துக்கொள்கிறேன். கடிதம் என்றால் ஆறுதலாகப் படிக்கலாம், உடனே மறுமொழி சொல்லத் தேவையில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு உன் தாடி ஓணான் வீமனின் ஒரு படமும் ஒரு வரியும் அனுப்பினாய். “வீமன் நித்திரை அம்மா, புருமேஷன்.” குளிர்காலத் துயில் என்கிறாய், இருக்கலாம். ஒரு வயது தாண்டின தாடி ஓணான் பகல் குறைந்ததும் சாப்பாட்டைக் குறைத்து ஒரு மூலையில் ஒதுங்கி வாரக்கணக்காய்ப் படுக்கும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணுக்குப் பின்னால் தலையில் இருக்கிற கொழுப்பு மேடு இரண்டும் குழி விழுந்து கிடக்கிறது. வால் தொடங்குகிற இடத்தில் இடுப்பெலும்பு துருத்துகிறது. தாடி கறுத்திருக்கிறது. பேப்பர் டவலில் இருந்த யூரேட், மலத்தோடு வருகிற கட்டிச் சிறுநீர், வெள்ளையாகவும் மென்மையாகவும் இல்லை. செம்மஞ்சளாய், சோக்கட்டி போலக் காய்ந்து கிடந்தது. அது தண்ணீர் போதாத உடம்பின் அடையாளம்.

துயிலுகிற ஓணான் மெலியாது தம்பி. உடம்பின் வேலை எல்லாம் மெதுவாகிவிடுவதால் இரண்டு மாதம் சாப்பிடாமல் கிடந்தாலும் எடை கொஞ்சம்தான் குறையும். நோயாளி கிடந்த இடத்திலேயே கரைந்து போகும். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான், கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். தராசில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். கொப்பியில் கடைசியாக ஒக்ரோபர் 12 அன்று 462 கிராம் எழுதியிருக்கிறாய். பத்தில் ஒன்று குறைந்தால் 416. அதற்குக் கீழே போயிருந்தால் அதைத் துயில் என்று சொல்லிக்கொண்டு இருக்காதே. சமையல் தராசில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியை வைத்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, அவனை உள்ளே விட்டு எடையைப் பார். இரண்டு நிமிட வேலை.

ஐந்து வருடம் ஒரு ஞாயிறும் தவறாமல் நிறுத்து எழுதின பிள்ளை நீ. கிரிக்கெட் பூச்சி இவன் இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட அகலத்தை விடப் பெரிதா என்று அடிமட்டம் வைத்து அளப்பாய். கிளினிக்கில் டொக்ரர் உன் கொப்பியை எடுத்து, ஓணான் வளர்க்கிறவர்கள் இப்படி இருக்க வேண்டும் என்று ஆட்களுக்குக் காட்டுவார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. அந்தக் கொப்பி ஒக்ரோபர் 12 உடன் ஏன் நின்றது என்று நான் கேட்கவில்லை. எடையை மட்டும் போடு.

அடுத்தது சூடு. தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற வட்ட வெப்பமானியை நம்பாதே. அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். நான் தந்த, துவக்குப் போல இருக்கிற வெப்பமானியை அவன் வெயில் காய்கிற கல்லின் மேல் பிடித்துப் பார், 40 பாகை வர வேண்டும், 38க்குக் குறையக் கூடாது. மற்றப் பக்கம் 25 அளவில் இருந்தால் சரி. இரவில் 18க்குக் கீழே போனால் வெளிச்சம் இல்லாத செரமிக் ஹீற்றர் போடு, சிவப்பு லைட் வேண்டாம், அது நித்திரையைக் குழப்பும். உன்னுடைய பேஸ்மென்ற் அறை எட்மன்ரன் குளிரில் என்ன நிலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சூடு இல்லாமல் இவனுக்குச் சாப்பாடு செமிக்காது. வயிற்றில் சாப்பாட்டோடு குளிரில் கிடந்தால் உள்ளுக்குள் அழுகிப்போகும். அதனால் பசிக்கும் என்று நினைத்துக் குளிர்ந்து கிடக்கிறவனின் வாயைத் திறந்து ஒன்றையும் ஊட்டாதே. முதலில் சூடு, பிறகு தண்ணீர், கடைசியில்தான் சாப்பாடு. இந்த ஒழுங்கை மாற்றினால் நல்லது செய்யப்போய்க் கொன்றுவிடுவோம்.

தண்ணீர் கொடுக்கிறதும் சொல்கிறேன். அவன் நல்லாகச் சூடான பிறகு, 32, 33 பாகை வெதுவெதுப்பான தண்ணீரில், தோள்மூட்டு அளவுக்குமேல் போகாமல், 15 நிமிடம் விடு. பக்கத்திலேயே இரு. தோலால் தண்ணீர் உள்ளே போகும் என்று கன பேர் நினைக்கிறார்கள், போகாது, குடித்தால்தான் உண்டு. மூக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக விட்டால் நாக்கை நீட்டி நக்குவான். பிறகு ஈரம் இல்லாமல் துடைத்து லைட்டுக்குக் கீழே விடு. இதற்கென்று ஒரு பேசின் வைத்துக்கொள், குசினி சிங்க் வேண்டாம். சல்மொனெல்லாக் கிருமி இருக்கும், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

யூவிபி, அதுதான் புற ஊதாக் கதிர், தருகிற லைட் ரியூப்பைப் பார்த்தாயா? ஓரத்தில் நான் மார்க்கரால் திகதி எழுதியிருக்கிறேன், 2024 நவம்பர். பதினான்கு மாதம். ரி5 ரியூப் ஒரு வருடத்துக்குத்தான் கணக்கு. எரிகிறதே என்று நீ நினைப்பாய். எங்கள் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் குறையாமல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத யூவிபி உள்ளுக்குள்ளே செத்துக்கொண்டு வரும். யூவிபி இல்லையென்றால் உடம்பு விற்றமின் டி3 செய்யாது, டி3 இல்லையென்றால் எவ்வளவு கல்சியம் தூவினாலும் குடல் அதை எடுக்காது. இரத்தத்துக்குக் கல்சியம் வேண்டும், அது எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். மூடியின் கம்பிவலையும் மூன்றில் ஒரு பங்கைத் தடுத்துவிடும், கண்ணாடி முழுவதையும் தடுக்கும். ரியூப்பை வலைக்கு உள்ளே, அவன் முதுகிலிருந்து 35 சென்ரிமீற்றர் தூரத்தில், தொட்டி நீளத்தில் பாதிக்கு மேல் வரும்படி பூட்டு. லைட் 12 மணித்தியாலம் எரியட்டும், டைமரில் போடு. நீ எழும்புகிற நேரத்தை நம்பி அதை விடாதே.

இன்னும் சிலதைப் பார்க்க வேண்டும். கீழ்த்தாடையை இரண்டு விரலால் மெல்லத் தொட்டுப் பார், ரப்பர் போல வளைந்தால் எலும்பு நோய். கால்விரல்கள் தன்பாட்டில் துடிக்கிறதா, பின்னங்காலை இழுக்கிறானா? வெயில் காயும்போது வாயைத் திறந்துகொண்டிருப்பது சூட்டை ஆற்ற, அது வழமை. குளிர்ந்த பக்கத்தில் இருந்தும் வாயைத் திறந்து, மூக்கில் குமிழி வந்தால் நெஞ்சில் சளி. தோலில் மஞ்சளாய், பொருக்காய் ஏதும் பரவுகிறதா என்று வயிற்றுப் பக்கமும் திருப்பிப் பார். அந்தப் பூஞ்சை பொல்லாதது, தானாக மாறாது. தலையை வானத்துக்குத் தூக்கி முறுக்கிக்கொண்டு நின்றால் அடினோ வைரஸாகவும் இருக்கலாம், அதைச் சோதித்தால்தான் தெரியும். வால் நுனி கறுத்துக் காய்ந்து மேலே ஏறினாலும் காத்திருக்காதே.

துயிலுக்கு முதல் மலம் சோதிக்க வேண்டும் என்று செப்ரெம்பரில் உனக்குச் சொன்னேன். நீ செய்யவில்லை, நானும் திரும்பக் கேட்கவில்லை. கொக்சிடியா என்கிற ஒட்டுண்ணியும் ஊசிப்புழுவும் கொஞ்சமாய் எல்லாவற்றின் குடலிலும் இருக்கக்கூடியது. உடம்பு சோர்ந்து கிடக்கிற நேரம் பெருகிவிடும். புதிதாய்ப் போனதை ஒரு பையில் போட்டு ஃபிரிட்ஜில் வை, ஃப்ரீசரில் இல்லை, ஒரு நாளுக்குள் கொண்டுபோ. ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிடம்தான் போக வேண்டும், நாயும் பூனையும் மட்டும் பார்க்கிற இடத்துக்கு வேண்டாம். மலச் சோதனை, எக்ஸ்ரே, இரத்தத்தில் கல்சியமும் யூரிக் அமிலமும், இவ்வளவையும் கேள். பூச்சி மருந்தை நீயாக வாங்கிக் கொடுக்காதே, அளவு எடையைப் பொறுத்தது. காசை யோசிக்காதே, நான் போடுகிறேன். கொண்டுபோகிறபோது போத்தலில் சுடுதண்ணீர் விட்டுத் துவாயால் சுற்றிப் பெட்டிக்குள் வை, காரையும் முதலில் சூடாக்கு.

எடையைப் போடு தம்பி, மறக்காதே.

ஒன்றை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வீமனின் முன்னங்கால் இரண்டும் வளைந்திருப்பது பிறவிக் குறை என்று நீ ஆட்களுக்குச் சொல்வாய். அது என்னால் வந்தது. முதல் வருடம் சுருள் பல்ப் போதும் என்று மலிவாய் வாங்கி மூலையில் பூட்டினது நான். “அம்மா, இவன் வயிற்றைத் தூக்கி நடக்கிறானில்லை” என்று நீ வந்து சொன்னாய். “சும்மா சோம்பல்” என்றேன். கிழமைக்கு நாலைந்து தாடி ஓணானைக் கையில் தூக்குகிறவள் நான். வேறு யாரும் கொண்டுவந்திருந்தால் வாசலிலேயே கண்டுபிடித்திருப்பேன். இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரேயில் எலும்பு கண்ணாடித்தாள் போல இருந்தது. மருந்து கொடுத்துத் தப்பினான், கால் நிமிரவில்லை. உன்னிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கம்.

அதே சொல்லைப் போன வருடம் நீ பரீட்சைக்குப் போகாமல் படுத்திருந்த அன்று உனக்கும் சொன்னேன். அன்றும் நான் கிட்டவந்து பார்க்கவில்லை.

நீ அனுப்பின படம் பகல் இரண்டு மணிக்கு எடுத்தது. யன்னல் சீலை மூடியிருந்தது, கட்டிலடியில் மூன்று கோப்பை இருந்தது. வேறொன்றும் எழுதவில்லை.

புது ரியூப் ஓடர் பண்ணியிருக்கிறேன், புதன்கிழமை வரும். கூடவே ஒரு டைமரும், பொஸ்பரஸ் சேராத கல்சியம் மாவும். அவன் சாப்பிடத் தொடங்கினால் முதலில் பட்டர்நட் பூசணியைத் துருவி, கடுகுக்கீரையைப் பொடியாய் அரிந்து கொடு. பசளிக்கீரை வேண்டாம், அது கல்சியத்தைக் கட்டிவிடும். கிரிக்கெட் இரண்டு, மாவில் பிரட்டி. பெட்டி கொண்டுவருகிறவர் மணி அடித்தால் எழும்பிக் கதவைத் திற. வாசலில் விட்டுவிட்டுப் போகாமல் கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்கு இரவு ஒரு எண் மட்டும் அனுப்பு. கிராமில். எத்தனை மணியானாலும் நான் முழித்துத்தான் இருப்பேன்.

அம்மா