வாத்தியாருக்கு, ஹெரிஃபோர்டிலிருந்து

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதே. வலிக்கிறது என்று நிறுத்தினால் அப்புறம் கால் மடங்காது. சின்னவளுக்கு வரன் பார்ப்பதில் நீ அவசரப்படாமல் இருப்பதும் நல்லதுதான். அவளே ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடாதே, சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். பேரன் பள்ளிக்கூடம் போகிறான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், பாட்டியிடம் இட்லி கேட்கும்போது மட்டும் சுத்தத் தமிழ்.

சரி, உன் கடிதத்தில் பாதி விசாரணைக் கமிஷனாக இருந்தது. போன மாதம் வீடியோவில் பேசும்போது எனக்குப் பின்னால் வரிசையாக ஜாடிகள் தெரிந்ததாம். "ஊறல் போடுகிறாயா?" என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், போடுகிறேன். ஆப்பிளில் சைடர், பார்லியில் பியர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இங்கே ரோஜா வளர்க்கிறார்கள், பொம்மை ரயில் ஓட்டுகிறார்கள். எனக்கு இது. நீ பயப்படுகிற மாதிரி குடிகாரன் ஆகிவிடவில்லை. சொல்லப்போனால் முன்பைவிடக் குறைத்துத்தான் குடிக்கிறேன். ஆறு மாதம் காத்திருந்து எடுத்த பாட்டிலை ஒரே மூச்சில் காலி பண்ண மனசு வருவதில்லை.

முதலில் உன் சட்டக் கேள்வி. இங்கே இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு பியரோ சைடரோ செய்வது குற்றமில்லை. விற்கக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் சாராயமாகக் காய்ச்சி வடிப்பது வேறு. உரிமம் இல்லாமல் அதைத் தொட்டால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். பியருக்கும் எப்போதும் இந்தச் சலுகை இருந்ததில்லை. 1880-இல் வந்த சட்டத்தின்படி வீட்டுக்கு பியர் போடுகிறவனும் உரிமம் எடுக்கவேண்டும். 1963 பட்ஜெட்டில் ரெஜினால்ட் மாட்லிங் என்ற நிதியமைச்சர்தான் அதை எடுத்துவிட்டார். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-லேயே முடிந்தும், வீட்டு பியருக்கு 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போடும்வரை வழி பிறக்கவில்லை. நம் ஊரில் கேட்கவே வேண்டாம். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்குச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அரசாங்கம் கடை வைத்து விற்கலாம். நீ அடுப்படியில் ஒரு குடம் ஊற வைத்தால் ஜீப் வரும். அதனால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உன் மச்சான் எதையாவது கிளறப்போகிறார், கண்டித்து வை.

அடுத்தது தங்கச்சி கேட்கச் சொன்ன கேள்வி: கண் போய்விடாதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் செத்த செய்தியைப் படித்த யாருக்கும் இந்தப் பயம் வரும். வரவும் வேண்டும். ஆனால் அங்கே ஆளைக் கொன்றது ஊறல் இல்லை, மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. போதை ஏற்றுவதற்காகச் சாராயத்தில் ஊற்றிவிடுகிறார்கள். பார்லியும் ஆப்பிளும் தாமாகப் புளிக்கும்போது அந்த அளவுக்கு மெத்தனால் உண்டாகாது. ஆப்பிளில் பெக்டின் இருப்பதால் துளி வரும், ஒன்றும் செய்யாது. என் ஜாடியால் ஆபத்து என்றால் அது வேறு வகை: சர்க்கரை முழுதும் தீர்வதற்குள் பாட்டிலில் அடைத்து மூடிவிட்டால் உள்ளே வாயு ஏறி, கண்ணாடி குண்டு மாதிரி வெடிக்கும். சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று மிதந்து காட்டுகிற ஹைட்ரோமீட்டர் என்ற கருவி அதற்குத்தான் இருக்கிறது.

இப்போது சைடருக்கு வருகிறேன், ஏனென்றால் நான் இருக்கிற ஊர் அப்படி. ஹெரிஃபோர்டில் 1887-லேயே ஒரு பாதிரியாரின் மகன் பெர்சி புல்மர் சைடர் கம்பெனி ஆரம்பித்தார். அது உலகப் பெயராகிவிட்டது. ஊரில் சைடருக்கென்றே ஒரு மியூசியம்கூட உண்டு. செப்டம்பர் பிறந்தால் கிராமத்துச் சாலைகளில் வீட்டு வாசலில் அட்டைப்பெட்டி நிறைய ஆப்பிள் வைத்து "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிப் போட்டிருப்பார்கள். ஆனால் நல்ல சைடருக்கு அந்த ஆப்பிள் மட்டும் போதாது. அதற்கென்று தனி ஜாதிகள் இருக்கின்றன: கிங்ஸ்டன் பிளாக், டாபினெட், ஃபாக்ஸ்வெல்ப். கடித்துப் பார்த்தால் துப்பிவிடுவாய், வாயெல்லாம் துவர்த்துப்போகும். அந்தத் துவர்ப்புதான் சைடருக்கு உடம்பு கொடுக்கிறது. வெறும் இனிப்பு ஆப்பிளில் போட்டால் தண்ணீராக, சப்பென்று இருக்கும். பக்கத்து கிராமத்தில் ஒரு பெரியவருக்குப் பழைய தோப்பு இருக்கிறது. பழம் பொறுக்க ஆள் வேண்டும், எனக்குப் பழம் வேண்டும். ஒப்பந்தம் சுலபமாக முடிந்தது.

பறித்த பழத்தை அன்றே அரைக்கக்கூடாது. கட்டைவிரலால் அழுத்தினால் தோல் உள்ளே போகிற பதம் வரும்வரை மூட்டையில் போட்டு வைக்கவேண்டும்; மாவுச்சத்து சர்க்கரையாக மாற அந்த அவகாசம் வேண்டும். அப்புறம் கழுவி, கை இயந்திரத்தில் நொறுக்கி, துணியில் மடித்து மடித்து அடுக்கி, மேலே பலகை வைத்துத் திருகு சுற்றி அழுத்தவேண்டும். முதல் சுற்றிலேயே சாறு ஓட ஆரம்பிக்கும். வெளியே வரும்போது வெளிர் பச்சை, வாளி நிறைவதற்குள் பழுப்பு. இருபது கிலோ பழத்துக்குப் பத்து லிட்டர் கிடைத்தால் நல்ல நாள்.

அந்தச் சாற்றில் ஹைட்ரோமீட்டரை மிதக்க விட்டேன், 1.052 காட்டியது. தண்ணீர் 1.000 என்றால், அதற்கு மேலே இருப்பதெல்லாம் பெரும்பாலும் சர்க்கரை. மொத்தமும் புளித்துத் தீர்ந்து மறுபடி 1.000-க்கு இறங்கினால் ஏறக்குறைய 7 சதவீதம் மது. இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கு, விடை வந்துவிடும். நீ கணக்கில் எப்படி என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் போட்டுப் பார்.

இங்கே கடையில் விற்கிற சைடரைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டப்படி 35 சதவீதம் ஆப்பிள் சாறு இருந்தாலே அந்தப் பெயரில் விற்கலாம், மிச்சம் சர்க்கரையும் தண்ணீரும். அதைக் குடித்துவிட்டு சைடர் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

சாறு இப்போது கண்ணாடி ஜாடிகளில் இருக்கிறது. வாயில் ரப்பர் அடைப்பு, அதில் ஏர்லாக் என்ற வளைந்த குழாய், உள்ளே கொஞ்சம் தண்ணீர். உள்ளிருந்து வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. அக்டோபரில் 'ப்ளுக் ப்ளுக்' என்று இரவெல்லாம் பேசிக்கொண்டிருந்தது. குளிர் ஏற ஏற மெதுவாகிவிட்டது. ஜனவரியில் அடிக்கசடை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் வேறு ஜாடிக்கு மாற்றவேண்டும். அந்த மாதம் 17-ஆம் தேதி வாக்கில் இந்தப் பக்கத்துத் தோப்புகளில் வசேல் என்று ஒரு சடங்கு நடக்கும். பழைய சைடரை மரத்தின் வேரில் ஊற்றி, நனைத்த ரொட்டியைக் கிளையில் செருகி, பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் போட்டு, அடுத்த வருஷம் நன்றாகக் காய்க்கச் சொல்லி மரத்திடமே கேட்பார்கள். நமக்குப் பொங்கல் முடிந்து இரண்டு மூன்று நாளில் வருவதால் நான் அரிசிமாவுக் கோலம் போடச் சொல்லி யோசனை சொன்னேன். சிரித்தார்கள், போடவும் விட்டார்கள்.

பியர் கொஞ்சம் வேலை கூடினது. ஆப்பிளில் சர்க்கரை தயாராக இருக்கிறது. பார்லியில் இருப்பது மாவு. சர்க்கரையைத் தின்று மதுவாக்குகிற நுண்ணுயிர்தான் ஈஸ்ட், அதற்கு மாவு தின்னத் தெரியாது. அதனால் பார்லியை நனைத்து முளைக்கவிட்டு, முளை கொஞ்சம் தலைகாட்டியதும் உலர்த்தி நிறுத்திவிடுவார்கள். அதுதான் மால்ட். முளைக்கிற தானியம் தன் மாவைச் சர்க்கரையாக்க அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. உடைத்த மால்ட்டை 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அந்த நொதி மிச்ச வேலையைச் செய்துமுடிக்கும். வெப்பம் ரொம்ப ஏறினால் நொதி செத்துவிடும், இறங்கினால் சோம்பிவிடும். பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி வைத்துவிட்டு நான் செய்தித்தாள் படிப்பேன். நேரமானதும் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டு, மேலே ஒரு சொட்டு அயோடின். கருநீலமானால் மாவு பாக்கி இருக்கிறது. நிறம் மாறவில்லையென்றால் முடிந்தது.

அப்போது வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை அடிக்கும். அடிக்காமல் என்ன, அதுவும் மால்ட்தானே. ஹார்லிக்ஸ் சகோதரர்களில் ஜேம்ஸ் பிறந்த ருவார்டீன் கிராமம் இங்கிருந்து பக்கம்தான். பரீட்சைக்கு முன்னால் உங்கள் அம்மா நமக்கு ஆற்றிக் கொடுத்ததற்கு மூலம் இந்தப் பிரதேசம் என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அப்புறம் மால்ட் ஊறிய அந்தச் சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போடவேண்டும். ஆரம்பத்தில் போட்டது கசப்பைத் தரும், கடைசியில் போட்டது வாசனையைத் தரும். ஹாப்ஸும் இந்த மாவட்டத்துப் பயிர்தான். ஆறியதும் ஈஸ்ட். முழு வேலையில் முக்கால் பங்கு எது தெரியுமா? பாத்திரம் கழுவுவது. குழாய், மூடி, கரண்டி எல்லாவற்றையும் கிருமிநீக்கியில் நனைக்காமல் தொடவே கூடாது. உன் மருமகள் வந்து பார்த்தால் என்னை மெச்சுவாள்.

இதையெல்லாம் நான் உனக்கு விலாவாரியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பு வருகிற இடம் ஞாபகம் இருக்கிறதா? குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் கொட்டி ஆறவைத்து, கறையான் புற்றின் குரும்பிபோல் (புற்றாஞ்சோறு என்போமே, அதுதான்) இருக்கும் நல்லடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவார்கள். நீ வகுப்பெடுக்கும்போது குரும்பி உவமையைத்தான் சிலாகிப்பாய். எனக்கு இப்போது அது அப்பட்டமான செய்முறையாகப் படுகிறது. அந்த நல்லடை நெல்முளை என்று உரை சொல்வதாக நீதான் ஒருமுறை சொன்னாய். அப்படியென்றால் அது மால்ட்! முளையில் உள்ள நொதி வெந்த அரிசியின் மாவைச் சர்க்கரையாக்குகிறது. ஆறவைத்துவிட்டுத்தான் கலக்கிறார்கள், பார்த்தாயா? கொதிக்கிற களியில் போட்டிருந்தால் நொதி செத்திருக்கும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் அந்தப் பதத்தை யாரோ கைவைத்துப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரும் எங்கேயோ பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கவேண்டும். கேள்விப்பட்டு எழுதினால் இந்த வரிசை தப்பாமல் வராது.

அந்தப் பாடலில் ஈஸ்ட் பற்றிப் பேச்சே இல்லை. 1516-இல் ஜெர்மனியின் பவேரியாவில் போட்ட பியர் சட்டத்திலும் இல்லை. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். வேலை செய்கிறவனின் பெயரே இரண்டு இடத்திலும் விட்டுப்போயிருக்கிறது. பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் 1876-இல் பியரைப் பற்றிப் புத்தகம் எழுதி, 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பியர் கம்பெனி ஆய்வகத்தில் ஹான்சன் ஒற்றை ஈஸ்டைப் பிரித்து வளர்த்த பிறகுதான் அவன் யார் என்று ஒழுங்காகத் தெரிந்தது. அதுவரை பழைய பாத்திரம்தான் அவன் வீடு. நார்வே கிராமங்களில் மரவளையங்களில் ஈஸ்டை ஒட்டவைத்துக் காயவிட்டு அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டார்கள். நம் வலைஞர்களின் சாடியும் கழுவாமல், மறுபடி மறுபடி அதே வேலைக்குப் பயன்பட்ட சாடியாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். நான் மாய்ந்து மாய்ந்து பாத்திரம் கழுவுவதைப் பார்த்தால் அவர்கள் சிரிப்பார்கள்.

அதனால் உனக்கு ஒரு வேலை. உன் அலமாரியில் உ.வே.சா. பதிப்பித்த பத்துப்பாட்டு இருக்கிறதல்லவா, அதில் அந்த வரிகளுக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதியதை அப்படியே படமெடுத்து அனுப்பு. முளையை இடித்தார்களா, முழுசாகப் போட்டார்களா என்று எனக்குத் தெரியவேண்டும். சாடி பற்றி ஏதாவது சொன்னால் அதையும் விடாதே. இங்கே கடையில் நெல் கிடைக்காது. விதைநெல் ஒரு படி எப்படியாவது கொண்டுவரலாமா என்றும் விசாரி. விமான நிலையத்தில் விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சித்திரையில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. மது இரண்டு லிட்டர் வரை நம் சுங்கத்தில் விடுவார்கள், ஆகவே மச்சானுக்கு சைடர் உண்டு என்று சொல். தங்கச்சி கேட்ட சாக்லேட்டைத் தனிப் பெட்டியில் வைக்கிறேன். பாட்டில் உடைந்தாலும் என் வேட்டிதான் நாறும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்