ஹிட்டிங்க் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஃபுட்பால் வேர்ல்ட் கப் வந்தா விளையாட்டுப் பக்கம் முழுக்க பிளேயர்ஸ் போட்டோதான், கோச்சுங்களப் பத்தி நாலு வரி கூட வர்றதில்ல சார். நெதர்லாந்துக்காரர் குஸ் ஹிட்டிங்க் பத்தி ஒரு முழுப் பக்கமே போடலாம். 1988ல நெதர்லாந்து கிளப்பான பிஎஸ்வி டீமுக்கு ஐரோப்பிய கிளப் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், 1998ல சொந்த நாட்ட வேர்ல்ட் கப் செமிஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனவர்.

ஆனா எனக்கு அவர்னாலே 2002 வேர்ல்ட் கப்ல அவர் கோச்சா இருந்த தென்கொரியாதான். அதுக்கு முன்னாடி வேர்ல்ட் கப்ல ஒரு மேட்ச் கூட ஜெயிக்காத டீம் அது, 2001ல பிரான்ஸ்கிட்டயும் செக் குடியரசுகிட்டயும் 5-0னு உதை வாங்கினப்போ அங்க 'அஞ்சு-சைபர்'னே அவருக்குப் பட்டப்பேர் வச்சுட்டாங்க, மனுஷன் அசரவே இல்ல. சீனியர்கிட்ட சின்னப் பசங்க வாயத் தொறக்கவே தயங்குற ஊரு அது, கிரவுண்டுக்குள்ள மரியாதைச் சொல்லெல்லாம் வேணாம், பேர் சொல்லியே கூப்பிடுங்கன்னு சொல்லி, சாப்பாட்டு மேசைலயும் எல்லாரையும் கலந்து உக்கார வச்சார். அப்புறம் போலந்து, போர்ச்சுகல், கோல்டன் கோல்ல (எக்ஸ்ட்ரா டைம்ல முதல் கோல் போட்டா அப்பவே வெற்றி) இத்தாலி, பெனால்டில ஸ்பெயின்னு வரிசையா சாச்சு செமிஃபைனல் போனாங்க. அந்த நாட்டு குவாங்ஜு நகர ஸ்டேடியத்துக்கே அவர் பேர வச்சுட்டாங்க சார்!

32 வருஷம் கழிச்சு ஆஸ்திரேலியாவ 2006 வேர்ல்ட் கப்புக்குக் கொண்டு வந்ததும் இவர்தான். அடுத்த சீசனுக்குள்ள கண்டிப்பா எழுதுங்க.

– உங்கள் நீண்டநாள் வாசகன்