அப்பாவை இனி மதுரைக்கு அலைக்கழிக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வீசும் காற்று கச்சானா கொண்டலா என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடும் உன் அப்பா, சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தார். மூன்று கரண்டிக்கு மேல் கஞ்சி இறங்கவில்லையாம். அடுத்த வாரம் மறுபடியும் மதுரைக்குக் கூட்டிப் போகச் சொல்லி நீ துபாயிலிருந்து பேசினாய் என்றார் அம்மா. உன்னைப் போன்ற பிள்ளைகள் இந்தப் பாம்பனில் நிறைய இருப்பதால் பொதுவில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

போக 150 கிலோமீட்டருக்கு மேல். எலும்பு வரை புற்று பரவியவருக்கு ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் வலி. என் அம்மாவை நானும் அப்படித்தான் இழுத்துக்கொண்டு அலைந்தேன். கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மூக்கில் குழாயோடு கிடந்தார். "வீட்டுக்குப் போகலாம்" என்று அவர் கேட்டபோதெல்லாம் "நாளைக்கு" என்றேன்.

டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேள்: இனிக் கொடுக்கும் மருந்து நோயைக் குறைக்குமா, வேதனையை மட்டும் கூட்டுமா? பதில் இரண்டாவது என்றால், சிகிச்சை விவரக் கடிதம் எழுதி வாங்கு. வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை கடைசி வாரத்துக்கு உரியது என்று நினைக்காதே. மாத்திரைக்கு வலி அடங்காதபோதே அதைத் தொடங்கியிருக்க வேண்டும். உன் அப்பாவுக்கு ஏற்கெனவே தாமதம்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். விவரம் கேட்க 104.

கடும் வலியை அடக்கும் மார்ஃபின் என்றதும் உன் சித்தப்பா "போதை மருந்தா?" என்று முகம் சுளித்தார். டாக்டர் வலியை அளந்து கொடுக்கும் மார்ஃபின் ஒருவரைப் போதைக்காரராக்குவது மிக அரிது. அது நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைக்கட்டும் என்றுதான் 2014-இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். மார்ஃபினில் உடனே வேலை செய்யும் சாதாரண மாத்திரை என்றால் பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி தலைதூக்கும் வரை காத்திருக்கக் கூடாது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கும் மருந்து சேர்த்துக் கேட்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல.

அப்பாவிடமும் கேள், தம்பி. எல்லோரும் அவரைப் பற்றிப் பேசுகிறோம், அவரிடம் யாரும் பேசவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்து, கட்டிலைக் கடல் பக்கத்து ஜன்னலோரம் போடச் சொன்னார். போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

திங்கட்கிழமை காலை நான் சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். அப்பாவின் ரிப்போர்ட்டுகளை அதற்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பு. நீ ஊருக்கு வர டிக்கெட்டும் போட்டுவிடு.

அன்புடன்,
பக்கத்து வீட்டு அக்கா